அத்தை சொல்லாத சேதி

என் அத்தையின் வாயில் எதுவும் நிற்காது. செஞ்சி பஜாரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கேட்காவிட்டால் அத்தையே சொல்லிவிடுவாள். நைனாவின் ஒரே தங்கை அவள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா, ஊருக்கு மில்லுக்காரம்மா. நிஜப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவள் விஷயத்தில் ஒன்றாவது வெளியே தெரியாமல் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாமாவுக்கு பஜாரில் மாவு மில். கோதுமை டின்னோடும் மிளகாய்ப் பையோடும் வரிசையில் நிற்கும் பெண்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு அத்தை உட்கார்ந்திருப்பாள். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் மகன் வேலையை விட்டான், எல்லாம் அங்கேதான் அரைபடும். மாமா பேசமாட்டார். மெஷின் ஓடும்போதும் "ம்", நின்ற பிறகும் "ம்". ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று முடிவு செய்துவிட்ட ஆள்.

நான் பெரியவளான அன்று நாங்கள் சிங்கவரத்தில் இருந்தோம். சேதி கேட்டு அத்தை உளுந்து மாவும் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாள். கையை வீசிக்கொண்டு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். சடங்கெல்லாம் முடிந்து நான் பள்ளிக்கூடத்துக்கு அதே பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் ஒரு கிழவரை எழுப்பிவிட்டு, "நீ ஒக்காரும்மா, ரொம்ப நேரம் நிக்கக் கூடாது" என்கிறார். பஸ் மொத்தமும் என்னைப் பார்க்கிறது. கோட்டை மலையிலிருந்து ஒரு பாறை உருண்டு வந்து என் தலைமேல் விழாதா என்றிருந்தது. அதற்கப்புறம் வெகுநாள் நான் அத்தையோடு பேசவில்லை. நான் பேசாமல் இருப்பதையும் மில்லுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

என் தம்பி காதலித்ததும் அப்படித்தான். "அத்த, செத்தாலும் வெளிய சொல்லாத" என்று ஒரு காலையில் அவளிடம் போய்ச் சொன்னான். சொல்வதற்கு ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை பாருங்கள் அவனுக்கு. மத்தியானம் நாங்கள் சோற்றில் கை வைக்கும்போது பெண்ணின் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் கூடத்தில் நிற்கிறார். கத்தினார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், கடைசியில் சம்பந்தம் பேசிவிட்டுப் போனார். "நான் சொல்லலன்னா இவன் இன்னும் பத்து வருசம் மென்னு முழுங்கினு இருந்திருப்பான்" என்றாள் அத்தை. அவளை எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தவர் கதைக்குத்தான் பூட்டு இல்லை, தன் கதைக்கு இருந்தது என்றால் நான் அவளை வம்புக்காரி என்று எழுதி முடித்திருப்பேன். அவளுக்கு மூன்று முறை குழந்தை உண்டாகித் தங்காமல் போனது. மற்ற பெண்கள் இதைத் தலையணைக்குள் வைத்து அழுவார்கள். அத்தை கீரைக்காரியிடம் சொன்னாள், ரேஷன் வரிசையில் சொன்னாள், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடமும் சொன்னாள். "இன்னாத்துக்கு பாப்பா இதெல்லாம் ஊர் பூரா சொல்லினு திரியற?" என்று அம்மா அடிக்காத குறை. "உள்ள வச்சா தூக்கம் வர்ல அண்ணி" என்றாள். 

நைனாவுக்கு அறுபது முடிந்தது. மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து, கம்பத்திலிருந்து விழாமல் ரிடையர் ஆனவர். அறுபதாம் கல்யாணத்தைச் சிங்கவரம் பெருமாள் கோயிலில் வைக்கலாம் என்று அம்மா சொன்னாள். சென்னையில் வேலை பார்க்கும் தம்பி, கப்பலில் வைக்கலாம் என்றான். சென்னையிலிருந்து கிளம்பி, நடுக்கடலில் ஒரு நாள் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற சொகுசுக் கப்பல்.

"தாலி கட்டறதுக்கு தரையே இல்லாம போச்சா?" என்று கேட்டாள் அம்மா.

ஆனால் தம்பி அந்த யோசனையை முதலில் அத்தையின் காதில் போட்டுவிட்டிருந்தான். அம்மா மறுப்பதற்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. பூக்காரி வந்து, "கப்பல்ல கண்ணாலமாமே?" என்று கேட்ட பிறகு அம்மாவால் பின்வாங்க முடியவில்லை.

மாமா வரவில்லை. "திண்டிவனம் போறதுக்குள்ளயே பஸ்ல வாந்தி எடுக்கற ஆளு நான். நீ போய்ட்டு வந்து சொல்லு, கேட்டுக்கறேன்" என்றார். என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

நான் எதைப் பார்த்தும் லேசில் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தக் கப்பலுக்குள் காலை வைத்ததும் பிளந்தேன். கல்யாண மண்டபத்தைவிடப் பெரிய கூடம், அதன் உச்சியிலிருந்து தொங்குகிற விளக்கு, கண்ணாடிச் சுவரோடு மேலும் கீழும் போகிற லிப்ட், நடுக்கடலில் ஒரு நீச்சல் குளம். சுற்றிலும் இவ்வளவு தண்ணீர் இருக்க இன்னாத்துக்கு இன்னொரு குளம் என்று நைனா கேட்டார். குளத்தில் இருந்தவர்களின் உடுப்பைப் பார்த்து அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நாங்கள் வெறும் தட்டோடு ஒரு சுற்று சுற்றி வந்தோம்.

ஏறிய கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதி எல்லாரையும் ஓரிடத்தில் நிறுத்தி, ஆபத்து வந்தால் மிதவைச் சட்டையை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். "இன்னாடி இது, ஏறும்போதே முழுவப் போறோம்னு பாடம் எடுக்கறானுங்க!" என்று அத்தை உரக்கச் சொன்னாள். அக்கம்பக்கத்தில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், அத்தைக்கு ஆள் கிடைத்துவிட்டது. எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த மலைநாட்டுப் பையனுக்குத் தமிழும் தெரியாது, அத்தைக்கு இந்தியும் தெரியாது. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், சின்னவளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை என்பது வரைக்கும் தெரிந்துகொண்டு வந்தாள். வரவேற்பு மேஜையில் நின்ற தமிழ்ப் பெண்ணுக்கு வரன் பார்ப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காததால் நானும் அத்தையும் ஒரே அறை.

கடலில் போனுக்கு சிக்னல் இல்லை. நெட் வேண்டுமென்றால் கப்பல்காரர்களிடம் தனியாக வாங்க வேண்டும். தம்பி சொன்ன விலையைக் கேட்டு நாங்கள் எல்லாரும் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டோம். அத்தை மட்டும் வாங்கினாள். "செஞ்சிக்கு சேதி சொல்லாம நான் எப்பிடிடா இருப்பேன்?" என்று தம்பியிடமே கேட்டாள்.

அதனால் அந்தக் கப்பலில் எங்களுக்கு நியூஸ் சேனல் அத்தைதான். போனை வாயருகே பிடித்துக்கொண்டு மாமாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருப்பாள். "ஏங்க, துண்ட மடிச்சி யான மாதிரி பண்ணி கட்டில் மேல வச்சிகிறாங்க. அதப் போய் நான் எப்பிடி ஒடம்ப தொடைக்கறது?" எல்லாவற்றுக்கும் மாமாவிடமிருந்து ஒரே பதில், கட்டைவிரல் படம். மாமாவின் "ம்" போனுக்குள் போனால் அப்படித்தான் ஆகும்போல. ஊர்ச் சேதியும் அவள் வழியாகவே வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மழையாம், தெருவில் கரண்ட் இல்லையாம். அம்மா அவளைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

மறுநாள் காலையில் கல்யாணம். நான் குளித்துவிட்டு வந்தபோது அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது.

"எந்தப் பொடவடி கட்டட்டும்?" என்று கேட்டாள்.

"மஞ்சள் கட்டு அத்த, செவப்பு பார்டர் போட்டது."

கட்டினாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, "பூ வச்சி வுடு" என்றாள். செஞ்சியிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த மல்லிகை. நான் ஒரு முழம் வைத்தேன்.

"இன்னும் வெய்டி. நெறைய வெய்."

"அம்மாவுக்கு வேணாமா?"

"அண்ணிக்கி இருக்குது. நீ வெய்."

வைத்தேன். நான் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் வரவேற்பு மேஜையருகே நின்று அந்தத் தமிழ்ப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. வரன் பேச்சு ரொம்ப தூரம் போய்விட்டது என்று நினைத்து நான் கல்யாணத்துக்கு ஒதுக்கியிருந்த கூடத்துக்கு நடந்தேன்.

நெருப்பு மூட்ட அனுமதி இல்லாததால் ஹோமம் கிடையாது. பேட்டரியில் எரிகிற குத்துவிளக்கு. மேளம் தம்பியின் ஸ்பீக்கரிலிருந்து. நைனா வேட்டி சட்டையில், அம்மா வெட்கத்தில். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். நைனா தாலியை அம்மாவின் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். அத்தை அம்மாவின் பின்னால் வந்து நின்றாள்.

"இந்த வாட்டி நல்லா இறுக்கிப் போடறேன் அண்ணி. எங்கண்ணன வுட்டு எங்கயும் ஓட முடியாது."

எல்லாரும் சிரித்தோம். இரண்டு முடிச்சையும் நிதானமாகப் போட்டாள். முன்பின் தெரியாத வடநாட்டுக் குடும்பங்கள்கூடக் கை தட்டின. அம்மாவுக்கும் எனக்கும் அத்தைதான் குங்குமம் வைத்துவிட்டாள். பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டாள். மத்தியானம் முழுக்க மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காற்றில் புடவை பறக்க, மாமாவுக்குக் கல்யாணத்தை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "அண்ணன் கை நடுங்குச்சிங்க. கம்பத்து மேல ஏறி நின்னப்பக்கூட நடுங்காத கையி…"

"மாமா இன்னா சொன்னாரு அத்த?" என்று போகிற போக்கில் கேட்டேன்.

"இன்னா சொல்லுவாரு? கட்ட வெரல் போட்டாரு."

அடுத்த நாள் விடிந்ததும் சென்னை வந்துவிட்டது. இறங்குவதற்காகப் பெட்டிகளோடு வரிசையில் நின்றோம். அந்த வரவேற்புப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தது. அத்தை கொஞ்சம் முன்னால் நின்றிருந்தாள். அந்தப் பெண் நேராக அம்மாவிடம் வந்து, "ரொம்ப சாரி ஆன்ட்டி. நேத்தே கப்பல திருப்ப முடியுமான்னு கேப்டன் வரைக்கும் கேட்டுப் பாத்தோம். திரும்பினாலும் இதே நேரம்தான் ஆகும்னுட்டாங்க" என்றது.

"எதுக்கும்மா கப்பல திருப்பணும்?" என்றாள் அம்மா.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "அங்கிள்… அந்த ஆன்ட்டியோட வீட்டுக்காரர். நேத்து காலைல தவறிட்டாருன்னு… நீங்க… உங்களுக்கு…"

நைனா அத்தையின் தோளைத் தொட்டுத் திருப்பினார். அத்தை எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். டவுன் பஸ்ஸில் என் மானத்தை வாங்கிய அத்தை, ஒரு நாளையும் ஓர் இரவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அவ்வளவுதான் சொன்னாள். நைனா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தாலியைப் பிடித்தது. அந்தக் கையை நான் பார்த்தேன், அத்தையும் பார்த்தாள். நைனா அணைத்து வைத்திருந்த போனைப் போட்டார். சிக்னல் வந்ததும் அது அடித்தது. மாமாவின் அண்ணன் மகன். "சித்தி சொல்லிட்டாங்களா மாமா? ஐஸ் பெட்டில வச்சிருக்கறோம். நீங்க வந்தாத்தான் எடுக்கணும்."

மஞ்சள் புடவை. நெறைய வெய். இறுக்கிப் போடறேன் அண்ணி. கட்ட வெரல் போட்டாரு. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை. அத்தையைப் பார்க்கவே பயமாக இருந்தது. முந்தின இரவு பக்கத்துக் கட்டிலில் படுத்து, நான் தூங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தவள் யார்? பாயசம் எப்படி இறங்கியது அவள் தொண்டையில்?

எங்களுக்குக் காத்திருந்த வேனில் அத்தை டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். துறைமுகத்து கேட்டைத் தாண்டியதும் அவள் பேச ஆரம்பித்தாள். எங்களிடம் இல்லை, டிரைவரிடம். "என் வூட்டுக்காரர் செத்துட்டாருப்பா." வேன் ஒரு முறை ஆடியது. முந்தின நாள் விடியலில் மாமா மில்லைத் திறந்திருக்கிறார். மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்து அண்ணன் மகன் டீ வாங்கப் போயிருக்கிறான். டீ ஆறியும் அவர் எழுந்திருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு டிரைவரிடம் அவள் சொல்லச் சொல்லத்தான் பின்சீட்டில் இருந்த எங்களுக்கு மாமா எப்படிச் செத்தார் என்பதே தெரிந்தது. திண்டிவனம் நெருங்கும்போது அத்தைக்குக் குரல் உடைந்தது. அதற்கப்புறம் செஞ்சி வரைக்கும் அவள் போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. புருஷன் பிணமாகக் கிடக்க பூ வைத்துக்கொண்டு ஆடினாளே, கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர். அண்ணன் கல்யாணம் நிற்கக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மகராசி என்றார்கள் சிலர். தங்கை தாலி அறுத்த நாளில் எந்த அண்ணன் தாலி கட்டுவான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. இரண்டு பேச்சும் மில் வாசலிலேயே நடந்தது. அத்தை எதற்கும் வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் விஷயம் வேறு. இழவு முடிந்து வந்த கையோடு நைனா காய்ச்சலில் படுத்தார். நெஞ்சை அடைக்கிறது என்றார். டாக்டர் பார்த்துவிட்டு அலைச்சல்தான் என்று மாத்திரை கொடுத்தார். அம்மாவின் அக்காவுக்கு, என் பெரியம்மாவுக்கு, அது போதவில்லை. சீயமங்கலத்திலிருந்து வந்தவள் அம்மாவை நெருக்கினாள்.

"தாலியறுத்தவ போட்ட முடிச்சு கழுத்துல கெடந்தா ஆம்பள எப்பிடிடி எழுந்து ஒக்காருவாரு? மொதல்ல அந்தக் கயித்த கழட்டு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. வாயால் அப்படித்தான் சொன்னேன். ஆனால் உள்ளறையில் நைனா இருமும்போதெல்லாம் என் கண் அம்மாவின் கழுத்துக்குத்தான் போனது. அம்மா கயிற்றை மாற்றவும் இல்லை, மாற்ற மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ராத்திரியில் அதைக் கையில் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள்.

காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு அத்தை வீட்டுக்குப் போனோம். நைனா மெல்ல எழுந்து எங்களோடு வந்தார். சடங்கு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியும் கழுத்தும் வெறுமையாக, எனக்குத் தெரியாத யாரோ மாதிரி இருந்தாள். பெரியம்மா தன் பையிலிருந்து புது மஞ்சள் கயிற்றை எடுத்து அத்தைக்கு எதிரிலேயே அம்மாவிடம் நீட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவள் கையைத் தட்டிவிட்டிருப்பேன். அதற்குள் அத்தை பேசினாள்.

"மாத்திக்கங்க அண்ணி. நான் போட்டிருக்கக் கூடாது."

அம்மா கயிற்றை வாங்கவில்லை. அத்தைக்கு எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டயாச்சும் ஏன் பாப்பா சொல்லல? கண்ணாலம் நின்னுடும்னா?"

"இல்ல அண்ணி." அத்தை தலையாட்டினாள். "பொய் சொல்ல மாட்டேன், கண்ணாலத்தப் பத்தி நான் நெனைக்கவே இல்ல. அந்தப் பொண்ணுகிட்டயும் கப்பல திருப்ப முடியுமான்னு கேக்கறதுக்குத்தான் சொன்னேன். அது ஒரு சாரி சொல்லிச்சி பாருங்க, அங்கயே எனக்கு உசுரு போயிடுச்சி. அதுக்கே இப்பிடின்னா, ஒங்க யார்ட்டனா சொல்லியிருந்தா அண்ணன் அழுவாரு, நீங்க அழுவீங்க, ஆளாளுக்கு வந்து என்னைக் கட்டிப் புடிப்பீங்க. அப்புறம் அவரு எங்க இருப்பாரு? நடுக் கடல்ல நான் இன்னா பண்ணுவேன்? அதான் வாய மூடிக்கினேன். எப்பவும்போல அவருக்கு எல்லாத்தையும் சொல்லினே இருந்தேன். நான் கர ஏர்ற வரைக்கும் அவரு மில்லுலதான் அண்ணி இருந்தாரு."

 பெரியம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை வெளியே எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி புடவைமேல் போட்டுக்கொண்டாள்.

"கேட்டுக்கினியாக்கா?" என்றாள் பெரியம்மாவிடம். "எனக்கு முடிச்சு போட்டப்ப இவ வூட்டுக்காரர் மில்லுல இருந்தாராம்."